முள்ளிவாய்க்காலுக்குப் பின்னரான வேலை: வன்னித் தொழிலாளரின் திருப்தியை எதைக் கொண்டு அளப்பது?

2018 ஜூன் மாதம் விசுவமடுவில் நடந்த ஒரு பிரியாவிடையின் படங்கள் தமிழ்ப் பத்திரிகைகளையும் முகநூலையும் உலுக்கின. இடமாற்றம் பெற்றுப் போகும் இராணுவ அதிகாரி ஒருவருக்கு மாலைக்கு மேல் மாலை விழுகிறது. இளைஞர்கள் அவரைத் தோளில் தூக்குகிறார்கள். பெண்கள் விம்மி அழுகிறார்கள். அந்த அதிகாரி கேணல் ரத்னப்பிரிய பந்து. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அழுதவர்களில் கணிசமானோர் முன்னாள் போராளிகள். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள்.

தென்னிலங்கையில் பலர் இதை நல்லிணக்கத்தின் அடையாளம் என்றார்கள். தமிழர் தரப்பில் ஒரு பகுதியினர் துரோகம் என்றார்கள். மிரட்டிக் கூட்டி வந்திருப்பார்கள் என்றும் சொன்னார்கள். இந்த வாக்குவாதத்தில் ஒரு எளிய உண்மை காணாமல் போயிற்று. அங்கே நின்றவர்கள் ஊழியர்கள். அத்திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். தங்கள் மேலதிகாரி மாறிப் போகிறார் என்பதற்காக அழுதார்கள். இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் ஒரு திணைக்களத் தலைவரின் இடமாற்றத்துக்கு ஊழியர்கள் இப்படி அழுது நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு வேலையில் மனிதர் எதனால் மனநிறைவு கொள்கிறார்கள், அந்த மனநிறைவு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று ஆராய இதைவிடக் கடினமான உதாரணம் கிடைக்காது.

வேலைத் திருப்தி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமைதியான தொழில் நகரங்களில் பிறந்தவை. 1959இல் பிரெடரிக் ஹெர்ஸ்பேர்க் தன் சகாக்களோடு வெளியிட்ட நூலுக்கு, அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பகுதியைச் சேர்ந்த இருநூறுக்குச் சற்று மேற்பட்ட பொறியியலாளர்களும் கணக்காளர்களும் சொன்ன அனுபவங்களே அடிப்படை. சம்பளம், மேற்பார்வை, நிறுவன விதிகள், வேலைச் சூழல் ஆகியவை மோசமாக இருந்தால் மனிதர் அதிருப்தி கொள்வர்; அவை நன்றாக இருந்தால் அதிருப்தி நீங்குமே தவிர திருப்தி வராது என்றார் அவர். திருப்தியைத் தருபவை சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் தன்மை ஆகியவை என்பது அவருடைய முடிவு. நமது பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ மாணவர்கள் இன்றும் இந்தப் பட்டியலை வைத்து வினாக்கொத்துத் தயாரித்து, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடச் சொல்கிறார்கள். அதே வினாக்கொத்தை வன்னியில் கொடுத்தால் நல்ல புள்ளிகள்தான் வரும். அந்தப் புள்ளிகளை எப்படி வாசிப்பது என்பதில்தான் சிக்கல்.

2009 மே 18இல் போர் முடிந்தபோது, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணல் நிலத்திலிருந்து வெளியே வந்தவர்களிடம் உயிர் தவிர வேறு முதல் இருக்கவில்லை. படகு, வலை, மாடு, நீர் இறைக்கும் இயந்திரம், விதைநெல், நகை, உறுதிப் பத்திரம் எல்லாம் போய்விட்டன. அவர்களைத் தங்கவைத்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட முன்னாள் போராளிகளின் தொகை ஏறக்குறைய பன்னிரண்டாயிரம். அவர்களில் ஒரு பெண் வேலை தேடிப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பப் படிவத்தில் 'முன் அனுபவம்' என்றொரு கட்டம் இருக்கிறது. பதினேழு வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை அவள் என்ன செய்தாள் என்று அதில் எழுத முடியாது. சாரதியாக, தாதியாக, கணக்காளராக, பொறிமுறையாளராகப் பெற்ற திறமை எதற்கும் சான்றிதழ் இல்லை. ஊரில் கடை வைத்திருப்பவரும் அவளை வேலைக்கு எடுக்கத் தயங்குவார். புலனாய்வாளர்கள் கடைப்பக்கம் வருவார்கள் என்ற பயம்.

இத்தகைய வெறுமை ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஒஸ்திரியாவின் மரியன்தால் என்னும் ஊர் சாட்சி. அங்கிருந்த ஒரே நெசவாலை 1930இல் மூடப்பட்டபோது ஊரே வேலையிழந்தது. மரி யஹோடா, போல் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் அந்த ஊரை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். ஓய்வு நேரம் பெருகியும் நூலகத்தில் புத்தகம் எடுப்போர் குறைந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடக்கத் தொடங்கினார்கள். நாள் முழுதும் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல முடியவில்லை. வேலை கூலி மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பையும், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கத்தையும், சமூகத்தில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார்.

சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் கொடுத்தது இவை அனைத்தையும் ஒரே கையெழுத்தில். பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் இத்திணைக்களம் போருக்குப் பின் பெரும் பண்ணைகளை அமைத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை வேலைக்குச் சேர்த்தது. தோட்ட வேலை, கால்நடை, முன்பள்ளி ஆசிரியம் என்று பல பிரிவுகள். 2017 அளவில் மாதச் சம்பளம் அண்ணளவாக 30,000 ரூபா. அப்போது சட்டப்படியான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 10,000 ரூபா. அதை 2016இன் சட்டம் நிர்ணயித்தது. சம்பளம் குறித்த நாளில் வங்கிக்கு வரும். சம்பளத்தாளைக் காட்டினால் வங்கியில் கடன் எடுக்கலாம். வாராவாரம் படலையில் வந்து நிற்கும் நுண்கடன் நிறுவனத்துக்காரரிடமிருந்து இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, 2018இல் அந்தக் கடன்களின் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததிலிருந்து ஊகிக்கலாம். ஹெர்ஸ்பேர்க்கின் கணக்கில் சம்பளம் அதிருப்தியை நீக்கும் பொருள் மட்டுமே. விசுவமடுவில் வங்கிப் புத்தகத்தில் விழும் மாதச் சம்பளம்தான் அங்கீகாரமும் ஆயிற்று. நேற்றுவரை சந்தேக நபர், இன்று அடையாள அட்டை உள்ள உத்தியோகத்தர்.

இதோடு அந்த அதிகாரியின் நடத்தையும் சேர்ந்தது. எங்களை மனிதராக நடத்தினார் என்பதே அன்று பலரும் சொன்ன காரணம். மேற்பார்வையாளரின் நடத்தை வேலைத் திருப்தியின் வலுவான காரணிகளில் ஒன்று என்று உலகெங்கும் ஆய்வுகள் சொல்லி வந்திருக்கின்றன. தோற்றவர்களாக, விசாரிக்கப்பட வேண்டியவர்களாக மட்டுமே ஐந்தாறு வருடம் பார்க்கப்பட்டவர்களுக்கு ஒரு மேலதிகாரி நலம் விசாரிப்பது எத்தனை மடங்கு பெரிதாகப் படும்! அந்த அழுகையில் பொய் இல்லை என்றே நான் நம்புகிறேன். அழுதவர்களைத் துரோகிகள் என்றவர்கள், அவர்களுக்கு வேறென்ன வேலை கொடுத்தோம் என்று தங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அழுகை உண்மை என்பதால் ஏற்பாடு நியாயமாகிவிடாது. அடையாளம் கொள்கை ஆய்வு நிலையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, இத்திணைக்களம் வன்னியின் பொருளாதாரத்தையும் சமூக வாழ்வையும் ஆழமாக இராணுவமயப்படுத்துகிறது என்று வாதிட்டது. வேலை தருபவரும் கண்காணிப்பவரும் ஒருவரே ஆகும்போது ஊழியர் எந்தப் போராட்டத்தில் நிற்பார், எந்த நினைவேந்தலுக்குப் போவார் என்பதெல்லாம் சம்பளத்தோடு முடிச்சுப் போடப்படுகிறது.

முன்பள்ளிகளில் இந்த முடிச்சு இன்னும் இறுகியிருந்தது. திணைக்களத்தின் கீழ் உள்ள முன்பள்ளி ஆசிரியை பெற்ற சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான், சில ஆயிரம் ரூபா, அதே ஊரில் மாகாணக் கல்வி நிர்வாகத்தோடு இணைந்த முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்தது. இருவரும் அதே வயதுப் பிள்ளைகளுக்கு அதே பாட்டைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஜோன் ஸ்டேசி அடம்ஸ் 1960களில் முன்வைத்த நியாயக் கோட்பாட்டின்படி, மனிதர் தன் சம்பளத்தைத் தனியே வைத்து எடை போடுவதில்லை. தன்னைப் போன்ற ஒருவரின் உழைப்போடும் ஊதியத்தோடும் ஒப்பிட்டே எடை போடுகிறார். வன்னியில் இந்த ஒப்பீடு இரண்டு பெண்களையும் காயப்படுத்தியது. குறைவாகப் பெற்றவள் தன் படிப்பும் உழைப்பும் மதிக்கப்படவில்லை என்று குமைந்தாள். கூடுதலாகப் பெற்றவள், முன்பள்ளிகள் சிவில் நிர்வாகத்துக்கு மாற வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை எழும்போதெல்லாம் தன் பிள்ளைகளின் சோறு போய்விடுமோ என்று அஞ்சினாள். பாலர் கல்வி இராணுவத்தின் கையில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சம்பளத்தைக் குறைக்காமல் ஆசிரியைகளை மாற்றும் திட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டல்லவா அந்தக் கோரிக்கையை எழுப்பியிருக்க வேண்டும்?

வன்னியின் மற்றப் பெரிய வேலைத்தளம் ஆடைத் தொழிற்சாலை. போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல்நகரில் மாஸ் நிறுவனத்தின் ஆலைகள் வந்தன; வவுனியாவில் இத்தாலிய முதலீட்டில் ஒமேகா லைன் வந்தது. ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு முதன்முறையாகச் சேமலாப நிதி இலக்கம் கிடைத்தது. ஊழியரின் சம்பளத்தில் எட்டு வீதம், முதலாளியின் பங்கு பன்னிரண்டு வீதம், நம்பிக்கை நிதிக்கு மேலும் மூன்று வீதம் என்று சட்டம் சொல்வது வயல் கூலிக்கோ இறால் பிடிக்கோ கிடைக்காத பாதுகாப்பு. இதைச் சிறுமைப்படுத்திப் பேசுவோர் பெரும்பாலும் ஓய்வூதியம் உள்ள உத்தியோகத்தர்களாகவே இருக்கிறார்கள்.

அந்த வேலையின் நாளைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் இருந்து அறிவியல்நகர் ஐம்பது கிலோமீற்றருக்குக் குறையாது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் சந்திகளில் விடியுமுன்னரே பெண்கள் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். அதற்கு முன் எழும்பிச் சமைத்து, பிள்ளையை அம்மாவிடமோ மாமியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஆலைக்குள் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பலகை. மணித்தியாலத்துக்கு எத்தனை உருப்படி டார்கெட், எத்தனை முடிந்தது என்று அதில் ஏறிக்கொண்டே போகும். ஒருத்தி கழிவறைக்குப் போய் ஐந்து நிமிடம் பிந்தினால் பின்னால் இருப்பவளிடம் துணி வராது. பலகையில் முழு லைனின் கணக்கும் சரியும். அதனால் சுப்பவைசர் ஏசுவதற்கு முன்பே தோழி முகம் சுளிக்கிறாள். இரவு வீடு திரும்பும்போது பிள்ளை நித்திரை. பயண நேரம் எந்தச் சம்பளத்தாளிலும் ஏறுவதில்லை.

சம்பளத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அடிப்படைச் சம்பளம் ஒரு பங்கு. அதன்மேல் வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு, மேலதிக நேரம். மாதத்தில் ஒரு நாள் சொல்லாமல் நின்றாலும் வரவுக் கொடுப்பனவு வெட்டுப்படும் முறை இலங்கை ஆடைத் துறையில் பரவலானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது குறைந்தபட்சச் சம்பளம் 12,500 ரூபாவில் நின்றது. 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாவாயிற்று. ஆலைகள் குறைந்தபட்சத்துக்கு மேலே கொடுத்தாலும், 2022இல் அரிசி விலை ஏறிய வேகத்துக்கு எந்தச் சம்பளமும் ஓடவில்லை. அப்படிப்பட்ட மாதங்களில் வரவுக் கொடுப்பனவு ஊக்கத்தொகையாக இருப்பதில்லை, சோற்றுக் காசாகிவிடுகிறது. காய்ச்சலோடும் பெண்கள் பேருந்தில் ஏறுவார்கள். ஆலையின் வரவுப் பதிவேடு அழகாக இருக்கும்.

2006இல் தொடங்கிய 'குற்றமற்ற ஆடை' பிரசாரத்தின் மூலம் இலங்கைத் தொழிற்சாலைகள் உலகச் சந்தையில் நற்பெயர் தேடின. குழந்தைத் தொழிலாளர் இல்லை, கட்டடம் தரமானது, உணவகம் சுத்தமானது என்பவற்றில் உண்மை உண்டு. பேராசிரியை காஞ்சனா ருவன்புர இந்தத் துறையைப் பல வருடம் ஆராய்ந்தவர். இந்த நற்பெயரில் வாழ்க்கைக்குப் போதிய கூலியும் சங்கம் சேரும் சுதந்திரமும் எங்கே என்று அவர் கேட்டார். போருக்குப் பின்னான வடக்கில் ஆலைகள் வந்த விதத்தை இராணுவ ஒழுங்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்றும் எழுதினார். கட்டடமும் உணவகமும் ஹெர்ஸ்பேர்க்கின் முதல் பட்டியலில் அடங்குபவை. சங்கம் என்பது அந்தப் பட்டியல்கள் இரண்டிலுமே சரியாக அகப்படாத ஒன்று.

இங்கேதான் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதியது உதவுகிறது. ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதிலுள்ளவருக்கு இரண்டு வழிகள்: விட்டு விலகலாம், அல்லது குரல் எழுப்பலாம். விசுவாசம் உள்ளவர் எளிதில் விலக மாட்டார் என்றார். வன்னியில் விலகுவது என்றால் எங்கே போவது? அடுத்த ஆலையும் அதே சம்பளம், அதே பேருந்து. கடலுக்குப் போக முதல் வேண்டும். வெளிநாடு போக முகவருக்குக் கொடுக்கக் காசு வேண்டும். குரல் எழுப்புவது என்றால், சங்கம் இல்லாத இடத்தில் அது தனியொருத்தியின் குரல். அவள் முன்னாள் போராளி என்றால் வீட்டுக்கு ஒரு விசாரணையும் வரலாம் என்ற அச்சம். இரண்டு வழியும் அடைபட்ட இடத்தில் மனிதர் அமைதியாக வேலை செய்கிறார்கள், வினாக்கொத்தில் நான்கு புள்ளி போடுகிறார்கள், பிரியாவிடையில் அழுகிறார்கள். அதில் எவ்வளவு மனநிறைவு, எவ்வளவு வேறு வழியின்மை என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே வன்னியில் திருப்தியை ஆராய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, 'இந்த வேலையில் உங்களுக்குத் திருப்தியா?' என்பதை அல்ல. குறை சொன்னால் உங்களுக்கு என்ன நடக்கும், நாளை இந்த வேலையை விட்டால் எதைச் செய்வீர்கள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். இவற்றுக்குப் பயமில்லாத பதில் வராத இடத்தில் மற்றப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் பயனில்லை.

குரல் எழும்பிய இடமும் உண்டு. போரினால் சிதைந்து கிடந்த ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச் மாதம் மேசை உப்பு ஆலை திறக்கப்பட்டது. மே மாதத்திலேயே தொழிலாளர்கள் வேலையைப் புறக்கணித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். வேலைத்தளத்தின் வசதிகளும் நிர்வாகம் நடந்துகொள்ளும் விதமும் அவர்களின் முறைப்பாடு. திறப்புவிழாப் பேச்சுகளின் ஈரம் காயுமுன்னே இப்படியா என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது நம்பிக்கை தந்த செய்தி. வெயிலில் உப்பு வாருபவர் தன் நிர்வாகத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் துணிகிறார் என்றால், அந்த இடத்தில் நாளை அவர் 'திருப்தி' என்று சொல்லும்போது அந்தச் சொல்லை நம்பலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வன்னித் தொழிலாளர் பலரின் உடலில் எறிகணைச் சிதறல்கள் இன்னும் இருக்கின்றன. குளிருக்கும் நீண்ட நேரம் நிற்பதற்கும் அவை நோகும். அரசதுறை வேலைகளில் மூன்று வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. வன்னியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கும். தனியார் ஆலைகளில் தரப் பரிசோதனைக்கு நிற்கும் பெண்ணுக்கு ஒரு உயரமான கதிரை கொடுப்பதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. தனக்குச் சிதறல் இருக்கிறது என்று சொன்னால் 'முன்னாள்' என்று தெரிந்துவிடுமோ என அஞ்சி அவள் அதைக் கேட்பதில்லை.

கடைசியாக மே 18. அன்று முள்ளிவாய்க்கால் கிழக்கில் மக்கள் கூடுகிறார்கள், இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். அரசாங்க நாட்காட்டியில் அதற்கென்று விடுமுறை இல்லை. ஒரு தாய் அன்று லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு போகும். காரணம் எழுதினால் யார் கண்ணில் படுமோ என்ற யோசனை வேறு. வயிற்றுவலி என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வராமலே நின்று, லைனில் இருந்தபடி மனதுக்குள் அழுகிறவர்களும் இருக்கிறார்கள். உலகத்தின் எந்த வேலைத்திருப்தி வினாக்கொத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனால் இந்த மண்ணில் ஒரு முதலாளியை ஊழியர் மதிப்பாரா மாட்டாரா என்பதை இது தீர்மானிக்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவரிடமும் — ஆலை, கடை, வங்கி, தொண்டு நிறுவனம் எதுவானாலும் — நான் வைக்கும் வேண்டுகோள் இது: வரும் மே 18இல் காரணம் கேட்காமல், சம்பளமோ கொடுப்பனவோ வெட்டாமல், கேட்கும் ஊழியருக்கு ஒரு நாள் விடுமுறை கொடுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக்குப் போகும் உங்கள் பேருந்துகளில் ஒன்றையும் அன்று ஓட விடுங்கள்.